வன்னியில் காட்டுயிர்களைப் படமெடுக்க: எந்த லென்ஸ், என்ன செட்டிங்

புதிதாகக் கமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கும் பறவையோ விலங்கோ நிற்கும் இடத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம்? லென்ஸ், ஷட்டர் வேகம் (சென்சரில் வெளிச்சம் விழவிடும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) எல்லாம் அந்தத் தூரத்தையும் அந்த நேரத்து வெளிச்சத்தையும் பார்த்துத்தான் தீர்மானமாகும். வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போய் ஜீப்புக்குக் காசு கட்டித்தான் பழக வேண்டும் என்றில்லை. ஊர்க்குளத்துக் கட்டில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தாலே பழகத் தொடங்கிவிடலாம்.

முதலில் தூரத்தைக் கணக்குப் பாருங்கள்

கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சமாகும். ஆரம்ப நிலைக் கமராக்களில் படத்தைப் பதியும் தகடு பெரும்பாலும் ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுச் சென்சர்தான். அதன் அகலம் சுமார் 23 மி.மீ. அப்படியான கமராவில் 300 மி.மீ. லென்ஸைப் பூட்டி 30 மீற்றர் தூரத்தைப் பார்த்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 2.3 மீற்றர். வாய்க்கால் ஓரத்தில் உட்காரும் சின்ன நீல மீன்கொத்தி 16 செ.மீ. நீளம்தான். படத்தின் அகலத்தில் அது பதினான்கில் ஒரு பங்கு. பெரிதாக்கிப் பார்த்தால் நிறம் தெரியும், இறகு தெரியாது. அதே லென்ஸோடு 10 மீற்றருக்குக் கிட்டப் போக முடிந்தால் அதே மீன்கொத்தி ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். 30 மீற்றரில் நின்றபடி அந்த அளவு வேண்டுமென்றால் 900 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும். அசையாமல் ஒரு மணித்தியாலம் மருத மர நிழலில் இருந்தால் மீன்கொத்தி தானாகவே கிட்ட வரும். அதற்குச் செலவில்லை.

யானை விஷயத்தில் இதே கணக்கு வேறு விதமாக உதவும். வளர்ந்த ஆண் யானை தோள் உயரத்தில் 3 மீற்றரைத் தொடக்கூடியது. 300 மி.மீ. லென்ஸுடன் 60 மீற்றர் தள்ளி நின்றாலே கால் முதல் முதுகு வரை படத்தை நிறைத்துவிடும். ஆகவே யானைக்குக் கிட்டப் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. முகம் மட்டும் வேண்டுமென்றால் பிறகு வீட்டில் இருந்து வெட்டிக்கொள்ளலாம்.

இனி உங்கள் பக்கத்து இடங்களை யோசியுங்கள். ஊர்க்குளத்து அலைகரை, வயல் வரம்பு, வாய்க்கால் என்றால் 10 முதல் 40 மீற்றர் வரை. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்களில் பறவைகள் 50, 100 மீற்றர் என்று விலகி இருக்கும். வங்காலையும் சுண்டிக்குளமும் கொக்கிளாயும் இன்னொரு கதை. ஆழமில்லாத களப்பும் சேற்று வெளியும் என்பதால் பூநாரைக் கூட்டம் 200 மீற்றருக்கு அப்பால் வெள்ளைக் கோடாகத் தெரியும், நடந்து கிட்டப் போகவும் வழியில்லை. வங்காலை 2008 இல் சரணாலயமாகி 2010 இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவமுள்ள) ஈரநிலமானது. ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் அங்கே வந்து தங்கும். போக வேண்டிய இடம்தான். ஆனால் பழகத் தொடங்கும் இடம் அதுவல்ல.

லென்ஸ்

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் லென்ஸ் 250 அல்லது 300 மி.மீ. வரை போகும் ஸூம் லென்ஸாக இருக்கட்டும். கெனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு 55–250 எஸ்.டி.எம்., நிக்கோன்காரருக்கு 70–300 ஏ.எஃப்.-பி வி.ஆர். இவற்றில் நடுக்கம் தாங்கும் வசதி இருக்கிறது, எடை குறைவு, மோட்டார் சைக்கிளில் போகும்போது முதுகுப் பைக்குள் அடங்கும். பழைய 75–300 லென்ஸ்கள் மலிவாகக் கைமாறும். அவற்றில் பலவற்றில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, 300 இல் கூர்மையும் குறையும். கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து முதலில் சொன்னவற்றையே வாங்குங்கள்.

அடுத்த படி 400 மி.மீ. கெனன் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமரா) வைத்திருப்பவர்களுக்கு ஆர்.எஃப். 100–400 மிகவும் பொருத்தம், எடை 635 கிராம்தான். ஆனால் 400 இல் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப்/8. இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறிது. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அது கஷ்டப்படும், ஏழு மணிக்குப் பிறகு பிரச்சினை இல்லை. அதற்கும் மேலே சிக்மா, டம்ரொன் 150–600, நிக்கோன் 200–500, சோனி 200–600 என்று ஒரு வரிசை உண்டு. இரண்டு கிலோ அளவில் தொடங்கும் எடை. பெரிய குளங்களுக்கும் களப்புகளுக்கும் இவைதான் சரி. ஆனால் ஷட்டர் வேகமும் ஃபோகஸும் கைவந்த பிறகு வாங்குங்கள். பழகாத கையில் 600 மி.மீ. லென்ஸ் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும், பறவை எங்கே என்று தேடுவதிலேயே காலை முடிந்துவிடும்.

லென்ஸ் மாற்ற முடியாத, நீள ஸூம் கொண்ட கமராக்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். நிக்கோன் பி950 2000 மி.மீ.க்குச் சமமான தூரம் வரை போகும். நல்ல வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது போதும். எந்தப் பறவை என்று இனம் காண ஆசைப்படுபவர்களுக்கு அதை மனதாரச் சொல்வேன். சென்சர் மிகச் சிறியது என்பதால் மங்கல் வெளிச்சத்தில் படம் குழம்பிப்போகும், பறக்கும் பறவையைப் பின்தொடர்வதும் சிரமம். 1.4, 2 மடங்கு நீட்டிப்புக் கண்ணாடிகள் இப்போதைக்கு வேண்டாம். 2 மடங்கு நீட்டிப்பு உள்ளே வரும் வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காக்கிவிடும். எஃப்/6.3 லென்ஸில் அதைப் பூட்டினால் பல கமராக்கள் ஃபோகஸ் செய்யவே திணறும்.

பாவித்த லென்ஸ் வாங்குவதானால் உங்கள் கமராவையும் கொண்டு போய்ப் பூட்டிப் பாருங்கள். நிக்கோனின் சிறிய டி.எஸ்.எல்.ஆர்.களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் பழைய வகை லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் செய்யாது. ஏ.எஃப்.-பி லென்ஸ்களும் பழைய கமராக்கள் சிலவற்றில் ஒத்துவராது. பிறகு லென்ஸின் பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். மாரி ஈரப்பதத்தில் பெட்டிக்குள் மூடி வைத்த லென்ஸ்களுக்கு வரும் நோய் அது. எவ்வளவு மலிவானாலும் அதை விட்டுவிடுங்கள்.

கமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸை விற்காதீர்கள். குளமும் வானமும் தூரத்து யானைக் கூட்டமும் ஒன்றாக அடங்கும் படம் அதில்தான் வரும்.

முதல் நாள் இரவே கமராவைத் தயாராக்குங்கள்

குளக்கட்டில் நின்று மெனுவைத் தேடக் கூடாது. வீட்டில், விளக்கின் கீழ் இதையெல்லாம் செய்து முடியுங்கள்.

கமராவின் மேல் வட்டை எம் நிலைக்கு, அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் நிலைக்கு, திருப்புங்கள். பயப்பட வேண்டாம், ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஓட்டோவில் விடப்போகிறோம். அதன் உச்ச எல்லையை 6400 என்று வையுங்கள், பழைய கமரா என்றால் 3200. அப்பர்ச்சரை லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்துவிடுங்கள். இந்த லென்ஸ்களில் அது பெரும்பாலும் எஃப்/5.6 அல்லது 6.3 ஆக இருக்கும். இனிக் களத்தில் நீங்கள் மாற்றப்போவது பெரும்பாலும் ஷட்டர் வேகம் ஒன்றைத்தான். வெளிச்சம் கூடிக் குறைவதற்கேற்ப ஐ.எஸ்.ஓ. தானாக ஏறி இறங்கும். கையால் எல்லாவற்றையும் மாற்றினால்தான் கலைஞன் என்று சொல்பவர்களும் உண்டு. பற்றைக்குள்ளிருந்து காட்டுக்கோழி வெளியே வந்து மறைவதற்குள் மூன்று எண்களைத் திருப்ப யாராலும் முடியாது.

ஃபோகஸைத் தொடர் முறைக்கு மாற்றுங்கள். நிக்கோன், சோனியில் ஏ.எஃப்.-சி, கெனனில் ஏ.ஐ. சேர்வோ அல்லது சேர்வோ. பறவை அசைந்தாலும் ஃபோகஸ் கூடவே போகும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளி, பறப்பதற்குப் புள்ளிக் கூட்டம். புதிய மிரர்லெஸ் கமராக்களில் விலங்கு, பறவைகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஆனால் வீரையும் பாலையும் அடர்ந்த பற்றைக்குள் அது குச்சிகளைப் பிடித்துவிடும், அங்கே ஒற்றைப் புள்ளிதான் நம்பிக்கை.

தொடர்ச்சியாகப் படமெடுக்கும் முறையைப் போடுங்கள். படங்களை ரோ (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) வடிவில் சேமியுங்கள், கணினி இல்லாதவர்கள் ஜேபெக்கும் சேர்த்து. வெள்ளை எரிந்துபோன இடம் திரையில் மினுங்கிக் காட்டும் எச்சரிக்கை ஒன்று மெனுவில் இருக்கும், அதையும் போடுங்கள். கொக்கு நிறைந்த நாட்டில் இந்த மினுங்கல் மிகவும் தேவை.

ஷட்டர் வேகத்துக்குத் தொடக்க எண்கள் இவை, எல்லாம் ஒரு செக்கனின் பங்குகள். மனப்பாடம் ஆனபிறகு உங்கள் விருப்பம்.

மேயும் யானை, படுத்திருக்கும் முதலை: 1/320
கிளையில் அமைதியாக இருக்கும் பருந்து, நீரில் நிற்கும் நாரை: 1/500
மான், மந்தி, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் புலுனி, பஞ்சுருட்டான்: 1/1000
பறக்கும் நாரை, கூழைக்கடா, பூநாரை: 1/1600
மீனுக்குப் பாயும் மீன்கொத்தி, கிளம்பி ஓடும் வாத்து: 1/2500க்குக் குறையாமல்

நடுக்கம் தாங்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவையின் அசைவை அல்ல. 1/60 இல் கிளை கூர்மையாக வரும், புலுனியின் தலை கரைந்திருக்கும். இன்னொரு விதியையும் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் எண், லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாது. ஏ.பி.எஸ்.-சி கமராவில் 300 மி.மீ. என்பது பெரிய சென்சர் கமராவில் 450 அல்லது 480க்குச் சமம், ஆகவே பழகும்வரை கையில் பிடித்து 1/500க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. யானைக்கு 1/320 என்று மேலே சொன்னது, லென்ஸை எங்காவது தாங்கக் கொடுக்க முடிகிறபோது. அரிசியோ பயறோ அரைவாசி நிரப்பித் தைத்த துணிப்பை ஒன்றை வேலிக் கட்டையில், வாகன ஜன்னலில், துருசுச் சுவரில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் முக்காலியைவிட உறுதியாக நிற்கும்.

குளத்தில்

வன்னியில் சூரியன் வேகமாக ஏறிவிடும். ஆறேகாலுக்கு மென்மையாக இருக்கும் வெளிச்சம் எட்டரைக்கெல்லாம் கடுமையாகி, பறவையின் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழத் தொடங்கும். ஆகவே இருட்டோடு புறப்பட்டு விடியும்போது அங்கே இருக்க வேண்டும். காலையில் குளத்தின் கிழக்குப் பக்கத்தில் நில்லுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் மேற்குப் பக்கம். வழக்கமாக நிற்கும் இடம் எதிர்வெளிச்சம் என்றால் இடத்தை மாற்றுங்கள், அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது.

கட்டின் உச்சியில் நின்று கீழ்நோக்கி எடுத்த படத்தில் பறவை தண்ணீரில் ஒட்டியதுபோல் இருக்கும். சரிவில் இறங்கி உட்காருங்கள். பறவையின் கண் மட்டத்துக்குக் கமரா வந்ததும் பின்னணி தூரமாகி மங்கிப்போகும், பறவை தனியே எழுந்து நிற்கும். ஆனால் தண்ணீர் விளிம்பில் படுக்க வேண்டாம். முதலை இல்லாத பெரிய குளம் இங்கே குறைவு.

ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். 600 மி.மீ.இல் எஃப்/6.3 வைத்து 10 மீற்றரில் இருக்கும் பறவையை எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 7 செ.மீ. மட்டுமே. சிறகில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். கூட்டமாக நிற்கும் நாரைகளுக்கு எஃப்/8 அல்லது 11க்குப் போங்கள்.

வெள்ளையும் கறுப்பும்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும். கமராவின் வெளிச்சமானி முழுப் படத்தையும் சராசரியாக்கிப் பார்க்கிறது. இருண்ட காட்டுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டை நம்பிப் படத்தை வெளிச்சமாக்கும், கொக்கு இறகு தெரியாத வெள்ளைத் துண்டாகிவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை −0.7 அல்லது −1க்குக் கொண்டுபோங்கள். பிரகாசமான வானத்தின் முன்னால் நீர்க்காகம் என்றால் நேர்மாறு, +1 முதல் +1.7 வரை. சில பழைய கமராக்களில் எம் நிலையில் இந்தப் பொத்தான் வேறு வேலை செய்யும். அப்படியானால் ஷட்டர் முன்னுரிமை நிலையை எடுங்கள், அப்பர்ச்சரைக் கமரா பார்த்துக்கொள்ளும்.

இதைப் பழக எனக்குத் தெரிந்து உழவு நேரத்தைவிட நல்ல நேரம் இல்லை. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நூறு கொக்குகள் கலப்பையோடு ஒட்டிக்கொண்டே வரும், மனிதருக்குப் பயப்படாது, எழும்பும், உட்காரும். கருமண்ணில் வெள்ளைப் பறவை, சேற்றில் மினுங்கும் வெயில், பறப்பு, இறக்கம் எல்லாம் ஒரே வயலில். கமக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரம்பில் உட்காருங்கள். 1/1600, எஃப்/6.3, ஈடு −0.7 என்று தொடங்கி, வெள்ளை மினுங்கினால் இன்னும் குறையுங்கள். நல்ல வெயிலில் எஃப்/6.3, 1/2500 வைத்தாலும் ஐ.எஸ்.ஓ. 400 அளவில்தான் நிற்கும், படம் துப்புரவாக வரும்.

பறப்பதை எடுக்கும்போது பறவை கிட்ட வரும்வரை காத்திருந்து கமராவைத் தூக்காதீர்கள். தூரத்திலேயே ஃபோகஸில் பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக் கூடவே வந்து, கிட்ட வந்ததும் அழுத்துங்கள். ஸூமைக் கொஞ்சம் பின்வாங்கி வைத்தால் சிறகு வெட்டுப்படாது. பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், இறங்கும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் உங்களை நோக்கி வரும் பறவைகள் கிடைக்கும்.

ஒன்பது மணிக்கு மேல், வற்றிய குளத்தின் தரை சுடத் தொடங்கியதும் காற்று நெளியும். அப்போது 80 மீற்றருக்கு அப்பால் எதை எடுத்தாலும் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல்தான் வரும். லென்ஸில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் நாலு மணிக்கு மேல் வாருங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் சின்னக் குளங்கள் வற்றி, மிஞ்சிய தண்ணீருக்கு மானும் மயிலும் யானையும் வந்தாக வேண்டும், அந்த மாலைகள் வீணாகாது.

போகக் கூடாத இடம், செய்யக் கூடாத வேலை

மற்ற ஊர் வழிகாட்டிகளில் பெரும்பாலும் இல்லாத, வன்னிக்கு அவசியமான பகுதி இது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் இருக்கின்றன. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் எந்தப் பறவைக்காகவும் திரும்பக் கூடாது. பலகை இல்லாத காட்டிலும் ஊர்ச்சனமும் மாடும் நடக்கும் பாதையை விட்டு இறங்கக் கூடாது. தெரியாத ஊரென்றால் அங்குள்ள ஐயா ஒருவரிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். இராணுவ முகாம்கள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

அந்தி சாய்ந்தபின் யானை வழியில் நிற்க வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தடிக்கு வரும், குனிந்து தின்றுகொண்டிருக்கும் கரடிக்கு நீங்கள் வருவது கேட்காது, திடுக்கிட்டால் பாயும்.

ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால் அதன் முட்டை உங்கள் காலடிக்குக் கிட்ட வெறுந்தரையில் இருக்கிறது என்று அர்த்தம். தாய் எழும்பிய ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். வந்த வழியே திரும்புங்கள். பூநாரைக் கூட்டம் பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிவது, கைதட்டுவது மிக மோசமான வேலை. நீண்ட தூரம் பறந்து வந்து தின்று உடம்பைத் தேற்றும் பறவை அது. கரடிக் குகை, சிறுத்தை நடமாட்டம், பருந்துக் கூடு ஆகியவற்றின் படத்தைப் பகிரும்போது இடத்தின் பெயரைப் போடாதீர்கள். கைபேசியில் எடுத்ததென்றால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிடுங்கள், வேட்டைக்காரரும் படம் பார்க்கிறார்கள்.

புழுதி, உப்பு, மழை

செம்மண் வீதியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சரில் ஒட்டிய புழுதி எல்லா வானத்திலும் புள்ளியாக வரும். மன்னார்க் கரையோரம் போய் வந்தால் அன்றே ஈரம் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், உப்பு இருந்தால் பொத்தான்கள் இறுகிவிடும். கண்ணாடியை முதலில் ஊதி, பிறகுதான் துடைக்க வேண்டும். மாரியில் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கும்போது

மங்கலான படங்களை உடனே அழிக்காதீர்கள், அடுத்த காலைக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அவற்றில்தான் இருக்கிறது. முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது, தாங்கக் கொடுங்கள் அல்லது ஷட்டரைக் கூட்டுங்கள். கிளை கூர்மையாக இருந்து பறவை மட்டும் கரைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது, ஷட்டரை இரட்டிப்பாக்குங்கள். முன்னால் உள்ள புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் புள்ளி தவறிய இடம் அது, ஒற்றைப் புள்ளிக்குப் போங்கள். எல்லாமே கொழகொழவென்று இருந்தால் வெப்பக் காற்று, அல்லது தூரம் அதிகம். கூர்மையாக இருந்தும் மணல்மணலாகத் தெரிந்தால் ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்று பாருங்கள். 6400ஐத் தொட்டிருந்து, பறவையும் அசையாமல் இருந்திருந்தால், ஷட்டரை 1/1000 இலிருந்து 1/500க்கு இறக்கியிருக்கலாம், ஐ.எஸ்.ஓ. பாதியாகியிருக்கும். ஒவ்வொரு படத்தோடும் இந்த எண்கள் பதிந்தே இருக்கும். ஒரே குளம், ஒரே லென்ஸ் என்று ஒரு மாரியும் ஒரு கோடையும் இப்படிப் பார்த்துக்கொண்டு வந்தால், 300 மி.மீ. எங்கே போதவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அப்போது 600ஐப் பற்றி விசாரிக்கலாம்.